உவர்ச்சேற்றில் ஒன்றுமில்லை

கஸிமீர் வேட்டைக்குப் புறப்படும் காலையில் எங்கே போகிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. தப்பித்தவறிக் கேட்டால், "சும்மா, விறகு பாத்துட்டு வரலாம்னு" என்பார். தோளில் துப்பாக்கி தொங்கும். வண்டியில் கயிறு, கோடரி, சில நாளுக்குத் தேவையான தேயிலை, மாவு எல்லாம் இருக்கும். விறகு பார்க்கப் போகிறாராம். மூஸ் மானின் காதில் விழும்படி "உன்னைச் சுடப்போகிறேன்" என்று பேசுகிறவனுக்கு மூஸ் கிடைக்காது. இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப்புறம் நிற்கிற மூஸுக்கும் காது கேட்கும். யாருக்குத் தன்னைக் கொடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தம்பட்டம் அடிக்கிறவனுக்குக் கொடுக்காது.

கஸிமீர் பிறந்தது கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், சேற்றாறு என்கிற ஆற்றின் கரையில் போட்டிருந்த வேட்டை முகாமில். எங்கள் தெனே பழங்குடி ஆட்களில் அந்தத் தலைமுறை முழுவதும் அப்படிக் கூடாரத்தில் பிறந்ததுதான். சிறுவயதிலேயே பாதிரிமார் பள்ளிக்கூட விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு பிரதர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அந்த ஆற்றங்கரையிலேயே பேர்போன வேட்டைக்காரர் கஸிமீரின் அப்பா. மகன் சொன்ன பதில், "ஒண்ணுமில்ல, சும்மா காட்டுல நடப்பாரு." சோம்பேறி மகன் என்று அன்று விழுந்த பட்டம் விடுதியை விட்டு ஓடிவரும்வரை அவரை விடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "சரியாத்தானடா சொல்லியிருக்க" என்று அவர் தோளில் தட்டினாராம்.

மீசை அரும்பிய வயதில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கே கூலி வேலை செய்தார். பூமிக்கடியில் எண்ணெயும் வாயுவும் இருக்கிறதா என்று வெடி வைத்துப் பார்ப்பதற்காகக் காட்டை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டே போகிற வேலை அது. ஒரு தடவை கோடு நேராக அப்பா வேட்டையாடுகிற உவர்ச்சேற்றை நோக்கிப் போனது. கஸிமீர் ரம்பத்தை நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் போய், அந்தப் பக்கம் நிலம் வெறும் புதைசேறு, போன வருடம் ஒரு டிராக்டரையே முழுங்கிவிட்டது என்றார். டிராக்டரும் இல்லை, முழுங்கவும் இல்லை. கோடு வளைந்து போய்விட்டது. நிலத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம், மூஸைப் பற்றி உண்மையைக்கூடச் சொல்லக்கூடாது. இதுதான் அவருடைய கணக்கு.

உவர்ச்சேறு என்றால் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கறுத்த ஊசிமரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு குழைந்த பள்ளம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் அந்தச் சேற்றில் உப்பு ஊறுகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூஸ்கள் எங்கெங்கிருந்தோ நடந்து வந்து முழங்கால் மடக்கி அதை நக்கும். கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில் கஸிமீர் தன் மனைவி அகத்தாவை அங்கேதான் கூட்டிப் போனார். அங்கே கிடைத்த கறியில்தான் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அவர்கள் மட்டுமா? வேட்டைக்குப் போக முடியாத கிழவர்கள், புருஷனை இழந்தவர்கள், குடித்துக் கெட்டவனின் பிள்ளைகள் என்று பாதி ஊர் அந்தக் கறியைத் தின்றது. கஸிமீர் கதவைத் தட்டமாட்டார். வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். யார் வைத்தது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

பிள்ளைகள் மூவரும் பிழைப்புத் தேடித் தெற்கே நகரங்களுக்குப் போனார்கள். அகத்தாவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். யாருடைய லாரியிலாவது தொற்றிக்கொண்டு, அந்தக் கல்சாலையில் போக ஒரு பாதி நாள், வர ஒரு பாதி நாள். லாரி கிடைக்காத நாளில் கஸிமீர் சாலையோரத்தில் நின்று, போகிற வண்டிகளை எல்லாம் கைகாட்டி நிறுத்துவார். அவர் யாரிடமும் கையேந்தாத மனிதர், ஆனாலும் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் எரிவாயுக் கம்பெனி வந்தது. பிரிட்டிஷ் ராணி காலத்தில் எங்கள் பெரியவர்களோடு எழுதிய பழைய ஒப்பந்தத்தில் வேட்டையாடும் உரிமை எங்களுக்கு உண்டு. அதனால் தோண்டுவதற்கு முன் எங்களைக் கேட்டாக வேண்டும். கேட்பது என்றால், ஊர்க்கூடத்தில் நாற்காலி போட்டு, சாண்ட்விச் வைத்து, சுவரில் பெரிய வரைபடம் மாட்டிக் கேட்பது. எங்கெங்கே வேட்டையாடுகிறோமோ அங்கெல்லாம் சிவப்பு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் கிணறு தோண்டமாட்டார்கள். பதிலுக்கு ஊர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, கூடத்துக்குப் புதுக் கூரை உண்டு, நோயாளிகளை டவுனுக்குக் கூட்டிப்போக ஊருக்கென்று ஒரு வேன் உண்டு.

கம்பெனி சார்பில் கேட்க வந்தவள் கர்ஸ்டன் என்ற இளம்பெண். நல்ல பெண், அதில் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் அவளே எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள். அவள் கேட்பதை எங்கள் பாஷையில் சொன்னவள் டார்லீன். கஸிமீரின் அக்கா மகள், ஊர் அலுவலகத்தில் நில விவகாரங்களைப் பார்ப்பவள்.

"மாமா, இந்தச் சேத்தாத்துக்கு மேற்கால நீங்க வேட்டைக்குப் போவீங்களான்னு கேக்குறாங்க."

"எப்பவாச்சும் போவேன். சும்மா நடக்க."

"அங்க மூஸ் இருக்கா?"

"மூஸா? அங்க என்ன இருக்கப்போவுது. ஒண்ணுமில்ல. நானெல்லாம் என்னத்தக் கண்டேன்."

கூடத்தில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கஸிமீர் 'ஒண்ணுமில்ல' என்றால் ஃப்ரீசர் மூட முடியாமல் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். கர்ஸ்டனும் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, வரைபடத்தில் அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டாள். அவருக்கு அடுத்து வந்த கிழவர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். ஒண்ணுமில்ல, தெரியாது, கிடைச்சா கிடைக்கும்.

கடைசியாக எழுந்தார் நார்பர்ட். அகத்தாவின் தம்பி, கஸிமீருக்கு மச்சான். அவர் கடைசியாகச் சாய்த்த மூஸ், சாலையில் லாரி அடித்துக் கால் ஒடிந்து கிடந்த மூஸ்.

"இங்க போடும்மா ஒரு வட்டம். இங்க ஒண்ணு. இந்த ஏரி முழுக்க என் கோட்டைதான். போன வருஷம் இங்க நான் போட்ட போட்டுல மூஸெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு."

"எதுக்கு மச்சான் வரிசைல நின்னுச்சு? உங்கிட்ட கடன் கேக்கவா?" என்றார் கஸிமீர்.

"நீ உக்காருய்யா, விறகுக்காரா."

கூடம் அதிர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எவ்வளவு உண்மை! மூஸின் குளம்பே படாத ஏரிக்கரை எல்லாம் சிவப்பு வட்டத்துக்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. டார்லீனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மாமா பேச்சில் இருப்பதை அவள் அறிவாள். ஆனால், 'அங்கே இவர் நிறையச் சுட்டிருக்கிறார்' என்று அவள் எடுத்துச் சொன்னால் அது மாமாவின் பேரில் அவளே பெருமையடித்தது போல ஆகிவிடும்; மாமாவின் வேட்டையைக் கெடுத்த பாவம் அவளுக்கு வரும். அப்புறம் அவராகவே வந்து எப்படியாவது சரிசெய்துகொள்வார் என்று நினைத்தாள். கிழவர்கள் எல்லோரும், மற்றவர்களுக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது கஸிமீரும் தூக்கினார். அவர் மனதில் அப்போது கிணறும் இல்லை, வட்டமும் இல்லை. குளிரில் சாலையோரம் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த அகத்தாதான் இருந்தாள். அவரை யார் குறை சொல்வது? நான் சொல்லமாட்டேன்.

வேன் வந்தது. வெள்ளை வேன், உள்ளே சூடேற்றும் வசதி, மெத்தென்ற இருக்கை. அகத்தா முதல் நாள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மகாராணி மாதிரி கையாட்டினாள். அடுத்த இலையுதிர் காலத்தில் கஸிமீர் விறகு பார்க்கப் போனார். உவர்ச்சேற்றைச் சுற்றி மரத்துக்கு மரம் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு ரிப்பன், மூஸ்கள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய மரத்திலேயே கட்டியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. திரும்பி நேராக டார்லீனின் அலுவலகத்துக்கு வந்தார்.

"ரிப்பன் கட்டியிருக்கானுங்க."

"எங்க மாமா?"

"அதான், நான் விறகு பாக்கப் போற எடத்துல."

டார்லீன் வரைபடத்தை விரித்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. "கிணறு அங்கதான் மாமா வருது. நெலம் ஒறைஞ்சதும் மிஷின் வந்துரும். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே."

"வேற என்ன சொல்றது? கூரை மேல ஏறிக் கூவச் சொல்றியா?"

"அவங்களுக்குப் புரியல மாமா."

"அவங்க கெடக்கட்டும். உனக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

குனிந்துகொண்டு அழுதாள். கஸிமீர் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கிறது. நிலம் உறைவதற்குள் இன்னொரு கூட்டம் கேட்கலாம்.

"ஆனா நான் பேசினா செல்லாது மாமா. அங்க வேட்டையாடுனவங்களே, அவங்க வாயாலயே சொல்லணும். எங்க, எப்ப, எவ்வளவுன்னு எல்லாத்தையும் சொல்லணும்."

அன்று வீட்டுக்கு வந்து இதை அகத்தாவிடம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டா அப்புறம் எனக்குக் கெடைக்காது."

"கெடைக்காட்டிப் போவுது. சேறாவது மிஞ்சட்டும்" என்றாள் அகத்தா.

"யாருக்கு மிஞ்சறது?"

"மூஸுக்குன்னுதான் வச்சுக்கயேன். அதுங்க எங்க போவும் உப்புக்கு? கடைக்கா?"

"உனக்குக் கறி?"

"டாக்டரு கோழிதான் திங்கச் சொல்றான், கிழவா. உன் மூஸு இல்லாட்டி நான் செத்தா போயிடுவேன்?"

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை இருவருக்கும் உறைத்தது. கஸிமீர் எழுந்து போய், அடுப்பில் ஏற்கனவே நிறைந்திருந்த விறகின் மேல் இன்னொரு கட்டையைப் போட்டார்.

கூட்டத்தன்று அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சிரிப்பதற்குத் தயாராக வந்திருந்த கூடம் அவர் ஆரம்பித்த விதத்திலேயே அடங்கிவிட்டது.

"சேத்தாத்துக்கு மேற்க ஒரு உவர்ச்சேறு இருக்கு. எங்கப்பா வேட்டையாடுன எடம். நானும் அங்க வேட்டையாடியிருக்கேன். மூத்தவ பொறந்த வருஷம் அங்க ஒரு பெட்டை மூஸு, காது கிழிஞ்சது, அதச் சுட்டேன். அப்பா செத்த வருஷம் ஒரு கிழட்டுக் கடா. கொம்பு ஒரு பக்கம் ஒடிஞ்சிருந்துச்சு. நான் துப்பாக்கியவே எடுக்கல. அது எதிர்ல வந்து நின்னுச்சு. நான் அழுது முடிக்கிறவரைக்கும் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் சுட்டேன். தட்டம்மை வந்து ஊரே படுத்துக் கெடந்த வருஷம் அடுத்தடுத்து வந்துச்சுங்க, ஊருக்குன்னே வந்த மாதிரி."

இப்படியே சொல்லிக்கொண்டே போனார். ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் அவர் மனதில் வைத்திருந்தார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பின்வரிசைக் கிழவர்கள் தலையைத் தொங்கப் போட்டார்கள். ஒருவர் தாங்கமாட்டாமல் எழுந்து வெளியே போய்விட்டார். நடுச்சந்தியில் ஒரு மனிதன் தன் துணியைத் தானே அவிழ்ப்பதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? டார்லீன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. நார்பர்ட்டின் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

கர்ஸ்டன் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம். "அருமை, இதுதான் எங்களுக்கு வேணும்" என்றாள். "ஒரே ஒரு கேள்விதான். மொத்தமா எத்தனை இருக்கும்?"

கஸிமீர் அந்த எண்ணையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. கிணற்றை ஆற்றுக்கு அந்தப்புறம் தள்ளிப் போட்டார்கள், சாலையையும் திருப்பினார்கள். ஆரஞ்சு ரிப்பன்களை அவர்களே வந்து அவிழ்த்துப்போனார்கள். உவர்ச்சேற்றைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. கூட்டங்களில் டார்லீன் அதைச் சொல்லிக் காட்டுவாள்: நாம் வாய் திறந்து பேசினால் கிணறுகூட நகரும். அது உண்மைதான். அதற்குப் பிறகு மற்ற கிழவர்களும் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் இடங்களைச் சொன்னார்கள்.

கஸிமீருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் போனார், அடுத்ததிலும் போனார். சேற்றில் ஈரம் காயாத குளம்படி கிடக்கும். நக்கிய நாக்கின் தடம்கூடத் தெரியும். அவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வராது. அவர் கிளம்பிப்போன பிறகு வந்துவிட்டுப் போயிருக்கும். ஆற்றுக்கு அப்பால் எரிகிற வாயுவின் இரைச்சல்தான் காரணம் என்றாள் டார்லீன். வயசாச்சு, அவர் இருமல் மூஸுக்குக் கேட்டிருக்கும் என்றார்கள் சிலர். கஸிமீர் யாரோடும் வாதாடவில்லை. மற்றவர்களுக்கு அதே சேற்றில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

நார்பர்ட்டுக்குக்கூடக் கிடைத்தது! நம்ப முடியவில்லை, ஆனால் கிடைத்தது. அந்தக் கூட்டத்திலிருந்து அந்த மனிதர் பெருமை பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். ஒருநாள் கஸிமீர் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெரிய பொட்டலம். துணியில் சுற்றிய தொடைக்கறி. யாரையும் காணோம். பனியில் நார்பர்ட்டின் கோணல் நடைத் தடம் மட்டும் கிடந்தது. கஸிமீர் அந்தப் பொட்டலத்தை எடுக்காமல் ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். வாழ்நாள் முழுக்க வாசலில் வைத்த கை அது, எடுத்துப் பழக்கமில்லை. உள்ளேயிருந்து அகத்தா, "குளிருது, கதவச் சாத்துய்யா" என்று கத்தியபிறகுதான் குனிந்தார்.

அகத்தா அந்த மார்ச் மாதத்தில், டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். அதே வெள்ளை வேனில்தான் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்து ஊர்க்கூடத்தின் பின்னால் நெருப்பு மூட்டினோம். செத்தவர்களுக்கு நெருப்பின் வழியாகத்தான் சாப்பாடு போகும். உறவுமுறையினர் ஒவ்வொருவராக வந்து, ரொட்டி, தேநீர், அவளுக்குப் பிடித்த பெர்ரிப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இன்னார் கொண்டுவந்தது என்று சொன்னார்கள். கறி மட்டும் புருஷன் கையால் போக வேண்டும். வேட்டைக்காரனின் மனைவி வெறுங்கையோடு அந்த ஊருக்குப் போகக்கூடாது.

கஸிமீர் வெறும் கையைக் கோர்த்துக்கொண்டு நெருப்பின் முன்னால் நின்றார். அடக்கத்துக்கு முந்தின நாட்களில்கூட உவர்ச்சேற்றுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று பிறகு டார்லீன் சொல்லித் தெரிந்தது. இருமலோடு, அந்தப் பனியில். நார்பர்ட் தான் சுட்ட மூஸின் கறித் தட்டை அவர் கையில் வைத்தார்.

"போடு மச்சான். யாருதுன்னு கேக்கவா போறா."

"கேப்பா. நெருப்பு முன்னால பொய் சொல்ல முடியாது" என்றார் கஸிமீர்.

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குனிந்தார். அவர் நெருப்போடு பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இது நம்ம சேத்துலேருந்து வந்தது அகத்தா. சேறு அப்படியேதான் இருக்கு. நான் சுட்டது இல்ல, உன் தம்பி சுட்டது. உனக்கு என் கையால கொண்டுவர முடியல. என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், எங்கிட்ட வரமாட்டேங்குதுங்க."

துண்டைப் போட்டார். கொழுப்பு உருகிப் படபடவென்று பொரிந்தது. அவர் நிமிரவில்லை. நார்பர்ட் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அவரும் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்துகொண்டார்.